பழைய காரில் பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா? பழுதை இப்படித் தேடுங்கள்

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட பிறகும் முள் காலியிலேயே கிடக்கும். இன்னொரு காரில் பாதி டேங்க் வரை ஒழுங்காக இறங்கி வந்த முள், திடீரென்று பொத்தென்று விழுந்து, வண்டி மேட்டில் ஏறியதும் மறுபடி எழுந்துகொள்ளும். வேறொன்றில் பெட்ரோல் முள்ளும் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள்ளும் சொல்லிவைத்தாற்போலச் சேர்ந்தே மேலே போய் நிற்கும். இவை மூன்றும் வெவ்வேறு பழுதுகள். ஆனால் மூன்றிலுமே மீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முள் தப்பாகக் காட்டுகிறது என்றதும் முள் இருக்கும் இடத்தைப் பிரிக்கத் தோன்றுவது இயல்பு. டேஷ்போர்டைக் கழற்றும்போது பழைய பிளாஸ்டிக் கொக்கிகள் இரண்டு மூன்று உடையும். கடைசியில் பார்த்தால் டேங்க் பக்கத்தில் ஒரு எர்த் ஒயர் (காரின் பாடியோடு சேரும் ஒயர்) துருவேறிக் கிடக்கும். ஆகவே தேடலைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். மீட்டரைத் தொடுவது கடைசி வேலை.

இங்கே சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக இல்லாமல் ஒயர் மூலம் நேரடியாக இயங்கும் முள் மீட்டர்களுக்குத்தான். எலக்ட்ரானிக் மீட்டர் போர்டு வந்த பிந்தைய கார்களில் டேங்குக்குள் இருப்பது ஏறக்குறைய இதே அமைப்புதான் என்றாலும், சோதிக்கும் முறை வேறு.

முள் எப்படி நகர்கிறது

கரன்ட் போகும் வழியை ஒருமுறை மனதில் வரைந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து இக்னிஷன் ஸ்விட்ச், பியூஸ் வழியாக மீட்டருக்கு வருகிறது. மீட்டருக்குள் உள்ள சுருளைக் கடந்து ஒற்றை ஒயரில் டேங்க் வரை போகிறது. டேங்கின் மேல் பொருத்திய யூனிட்டுக்குள் ஒரு மின்தடை இருக்கிறது. அதையும் தாண்டி, காரின் பாடி வழியாகவே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பி வருவதற்கென்று தனி ஒயர் கிடையாது. பாடிதான் அந்த ஒயர்.

டேங்க் யூனிட்டில் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனையில் மின்தடைப் பட்டையை உரசிக்கொண்டு நகரும் சிறிய தகடு, அவ்வளவுதான். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் திருகிக்குள் இருப்பதும் இதே அமைப்பு. பெட்ரோல் அளவு மாற மிதவை ஏறி இறங்கும், தகடு நகரும், மின்தடை மாறும், சுருளில் ஓடும் கரன்ட் மாறும், முள் நகரும்.

எந்த அளவுக்கு எத்தனை ஓம் (மின்தடையை அளக்கும் அலகு) என்பது காருக்குக் கார் வேறுபடும். ஜப்பானிய கார்கள் பலவற்றில் காலியாக இருக்கும்போது 110 ஓமை ஒட்டியும், நிறைந்தால் 3 ஓமை ஒட்டியும் இருக்கும். பழைய ஃபோர்டு கார்களில் 73 ஓம் காலி, 10 ஓம் நிறைவு. தனியாக விற்கும் அமெரிக்க மீட்டர்களில் 240 ஓம் காலி, 33 ஓம் நிறைவு என்பது பரவலான கணக்கு. சில அமைப்புகளில் இது தலைகீழ்: ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் 0 ஓம் காலி, 90 ஓம் நிறைவு, விடிஓ (VDO) கம்பெனியின் மீட்டர்களில் 10 ஓம் காலி, 180 ஓம் நிறைவு. அளவில் பொருந்துகிறதே என்று வேறு காரின் யூனிட்டை வாங்கி மாட்டினால் முள் தலைகீழாகக் காட்டுவது இதனால்தான். உங்கள் காரின் ரிப்பேர் மேனுவலில் இந்த இரண்டு எண்களையும் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீட்டரிலும் இரண்டு ரகம் உண்டு. சாவியைப் போட்டதும் முள் மெல்ல மெல்ல, அரை நிமிடம் போல எடுத்துக்கொண்டு மேலேறினால் அது வெப்ப ரகம். உள்ளே இரட்டை உலோகப் பட்டை ஒன்றின் மேல் மெல்லிய ஒயர் சுற்றியிருக்கும். கரன்ட் ஓட ஓடப் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். சாவி போட்ட உடனே முள் தாவி நின்றால் காந்த ரகம். இதில் இரண்டு மூன்று சுருள்களின் காந்தப்புலம் ஒன்றையொன்று இழுத்து முள்ளை நிறுத்துகிறது. இந்த வித்தியாசத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது அவசியம். வெப்ப ரகத்தை எளிதாக எரித்துவிட முடியும்.

ஒரே ஒயரில் பாதி விடை

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், இருபுறமும் கிளிப் வைத்த இரண்டு மீட்டர் ஒயர், 33 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று.

சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டில் வரும் ஒயரைக் கழற்றுங்கள். டிக்கிக்குள்ளோ பின் சீட்டுக்கு அடியிலோ நடுவில் ஒரு கப்ளர் இருந்தால் அங்கேயே கழற்றுவது நல்லது. டேங்க் வாயருகே பொறி பறக்கும் வேலை எதுவும் வேண்டாம். கழற்றிய ஒயர் பாடியில் படாமல் வைத்துவிட்டு இப்போது சாவியைப் போடுங்கள். முள் காலிக்குப் போக வேண்டும். தலைகீழ் அமைப்பாக இருந்தால் நிறைவுக்குப் போகும்.

மறுபடி சாவியை அணைத்து, மீட்டருக்குப் போகும் ஒயரின் முனைக்கும் சுத்தமான பாடி உலோகத்துக்கும் நடுவே ரெசிஸ்டரை மாட்டிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் நகர்ந்து நடுவில் எங்கோ நின்றால் (33 ஓம் நிறைவு என்ற அமைப்பில் நிறைவில் நின்றால்) மீட்டர், பியூஸ், இடையில் உள்ள ஒயர் எல்லாம் சரி. பழுது யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் பழுது முன்பக்கம்.

ரெசிஸ்டர் இல்லாமல் ஒயரை நேராக பாடியில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. காந்த மீட்டர் அதைத் தாங்கிக்கொள்ளும். வெப்ப மீட்டரில் முள் எழத் தொடங்கியதைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே சுற்றிய ஒயர் எரிந்துபோகும். அதன் பிறகு மீட்டரே புதிது தேட வேண்டியதுதான். ஐந்தாறு விநாடிச் சோதனைக்காக எதற்கு அந்த ஆபத்து, ரெசிஸ்டரே போதும்.

ஒயரைக் கழற்றிய பிறகும் முள் நிறைவிலேயே நின்றால், அந்த ஒயர் வழியில் எங்கோ இன்சுலேஷன் உரிந்து பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. கதவு ஓரத்துத் தகட்டுக்கு அடியிலும், டிக்கி மேட்டுக்கு அடியிலும், ஒயர் தகட்டின் ஓட்டை வழியாக நுழையும் இடங்களிலும் முதலில் பாருங்கள். ஓட்டையில் இருக்கும் ரப்பர் வளையம் மட்கி உதிர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எர்த்: மலிவான பழுது, அதிகம் வரும் பழுது

யூனிட்டிலிருந்து பாடிக்குப் போகும் எர்த், பல கார்களில் ஒரு குட்டையான கறுப்பு ஒயர். சிலவற்றில் அதுகூட இல்லாமல் டேங்கின் போல்ட்டுகளே எர்த். பாடிக்குப் பெயின்ட் அடித்தாலோ டேங்கைக் கழற்றி மாட்டினாலோ, பெயின்டும் துருவும் நடுவில் புகுந்து கரன்ட் திரும்பும் வழியை அடைத்துவிடும். எர்த்தில் 20 ஓம் கூடினால் மீட்டர் அதையும் பெட்ரோல் குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளும். முழு டேங்கிலும் முள் முக்கால் தாண்டவில்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

சோதனை எளிது. எல்லா ஒயரும் மாட்டியிருக்க, சாவி போட்ட நிலையில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை யூனிட்டின் உலோக மூடியிலும், மறுமுனையை நீளமான ஒயர் வழியாகப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பழுதைப் பிடித்துவிட்டீர்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, அதைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, பல் வாசர் வைத்து இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி துரு ஏறாது.

முன்பக்கத்திலும் இதே நோய் வரும். ஹெட்லைட்டைப் போட்டதும் முட்கள் எல்லாம் இடம் மாறுகின்றன, இண்டிகேட்டர் போட்டால் தாளத்துக்குத் தலையாட்டுகின்றன என்றால் மீட்டர் போர்டின் எர்த் தளர்ந்திருக்கிறது.

டேங்க் யூனிட்டை வெளியே எடுக்கும்போது

எர்த் சரி, மீட்டர் சரி என்றால் மிச்சம் யூனிட்தான். கழற்றுவதற்கு முன்பே ஓமைப் பார்த்துவிடலாம்: ஒயரைக் கழற்றிவிட்டு யூனிட்டின் முனைக்கும் அதன் மூடிக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒயர் மாட்டியிருக்கும்போது ஓம் அளந்தால் தப்பான எண் வரும். சாவியும் போட்டிருந்தால் மல்டிமீட்டருக்கே கேடு. எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் உள்ளே மின்தடை அறுந்திருக்கிறது, அல்லது தகடு பட்டையைத் தொடவில்லை.

இனி வெளியே எடுக்க வேண்டும். இங்கே அவசரம் ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தள்ளி இருக்கும் நெருப்பைக்கூட எட்டிவிடும். கால் டேங்குக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது, திறந்த வெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள காரில் பம்பும் இதே யூனிட்டில் தொங்கும். குழாயில் அழுத்தம் நிற்கும் என்பதால் மேனுவலில் சொன்னபடி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். யூனிட்டைப் பிடித்திருப்பது பூட்டு வளையமானால் மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டித் திருப்புங்கள். இரும்பு உளி வேண்டாம். சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் போகும். மிதவைக் கம்பி நீளமாக இருக்கும்; நேராக மேலே இழுத்தால் வளையும். சாய்த்துத் திருப்பி, வழி பார்த்து எடுங்கள்.

வெளியே வந்ததும் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளக் சளக் என்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது. மூழ்கிய மிதவை எப்போதும் காலி என்றுதான் சொல்லும். பித்தளை மிதவையை சால்டர் வைத்து அடைக்கலாம் என்று நினைப்பவர்கள், உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவியை மறந்துவிடக் கூடாது. புது மிதவை தனியாகக் கிடைக்கிறது, அதை மாட்டுவதே புத்திசாலித்தனம்.

மிதவை நன்றாக இருந்தால், மல்டிமீட்டரை ஓமில் மாட்டிக்கொண்டு கம்பியைக் கீழிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்துங்கள். எண்கள் தொடர்ச்சியாக மாறி வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எண் மறைந்து திரும்ப வந்தால், அங்கே பட்டை தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் இந்தத் தேய்மானம் பாதி டேங்கை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் ஓட்டுபவர்கள் அதிகநேரம் அங்கேதான் வைத்து ஓட்டுகிறார்கள். பாதி வந்ததும் முள் விழுந்து மேட்டில் எழுவதன் ரகசியம் இதுதான்: மேட்டில் பெட்ரோல் ஒருபக்கம் சரிய, மிதவை நகர்ந்து தேய்ந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது.

வெறும் அழுக்காக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் துடைத்தாலே போதும். பிடிவாதக் கறைக்குப் பென்சில் அழிக்கும் ரப்பரைப் பயன்படுத்தலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பட்டையில் சுற்றியிருப்பது மயிரிழை ஒயர், இரண்டு தேய்ப்பில் அறுந்துவிடும். தகடு தளர்ந்திருந்தால் மூக்குக் கொறடால் நூலளவு வளைத்துப் பட்டையில் அழுந்தச் செய்யலாம். ஒயர் அறுந்த பட்டைக்குத் தற்காலிக வைத்தியம் எதுவும் நிற்காது, யூனிட்டையே மாற்றுங்கள்.

முள் சீராக நகர்ந்தும் அளவு மட்டும் கொஞ்சம் தப்பாக வந்தால் மிதவைக் கம்பியை வளைத்துச் சரிசெய்யலாம். கம்பியைக் கீழ்நோக்கி வளைத்தால் அதே பெட்ரோலுக்கு முள் கூடுதலாகக் காட்டும். மேல்நோக்கி வளைத்தால் குறைத்துக் காட்டும். கொஞ்சம் குறைத்துக் காட்டும்படி விடுவதே நல்லது, நடுவழியில் நிற்பதைவிட. டேங்க் நிறைந்த பிறகு வெகுதூரம் முள் அசையாமல் நிற்பதும், கீழ்ப்பாதி விறுவிறுவென்று கரைவதும் பழுது இல்லை. மிதவை டேங்கின் கூரை வரை போகாது, டேங்கும் செவ்வகப் பெட்டி இல்லை.

திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். பழையதையே போட்டால் முழு டேங்கில் வளைவில் திரும்பும்போது பெட்ரோல் வாடை வரும்.

இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பினால்

வெப்ப மீட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. இஞ்சின் ஓடாதபோது 12 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் என்றால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். பெட்ரோல் போடாமலே முள் ஏறும். இதைத் தடுக்கத்தான் மீட்டர் போர்டின் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி வைத்தார்கள். அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பழைய பிரிட்டிஷ் கார்களில் சராசரி 10 வோல்ட் கொடுக்கும், பழைய அமெரிக்க ஃபோர்டுகளில் 5 வோல்ட்.

உள்ளே நடப்பது வேடிக்கையானது. அதுவும் ஒரு இரட்டை உலோகப் பட்டைதான். சூடானதும் வளைந்து காண்டாக்டைப் பிரிக்கும், ஆறியதும் சேர்க்கும். முழு வோல்டேஜை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் சராசரி 10 ஆகிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரில் அளந்தால் எண்கள் 0-க்கும் 12-க்கும் நடுவே கூத்தாடும். அது நல்ல அறிகுறி. 12 வோல்ட் டெஸ்ட் பல்பை மாட்டினால் விட்டுவிட்டு எரிய வேண்டும்.

பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது பெட்டிக்கு எர்த் இல்லை. எர்த் இல்லாவிட்டால் உள்ளே சூடாக்கும் ஒயரில் கரன்ட் ஓடாது, காண்டாக்ட் பிரியாது, முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போகும். பெட்ரோல், ஹீட் இரண்டும் சேர்ந்து மேலே ஏறி நிற்கும். பல்பே எரியவில்லை, ஆனால் பெட்டிக்கு 12 வோல்ட் வருகிறது என்றால் காண்டாக்ட் கருகிவிட்டது. இரண்டு முள்ளும் கீழேயே கிடக்கும். ஆகவே இரண்டும் ஒரே திசையில் தப்பினால் டேங்கையும் இஞ்சினையும் விட்டுவிட்டு நேராக இந்தப் பெட்டிக்கு வாருங்கள்.

இதற்கு மாற்றாக 7810 என்ற மூன்று கால் ஐசி போதும். ஐந்து வோல்ட் காருக்கு 7805. உள்ளே வரும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். ஐசியின் உலோக முதுகு எர்த்தோடு சேர்ந்தது என்பதால் அதை நேரடியாகப் பாடி உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்கலாம். எர்த்தும் கிடைக்கும், சூடும் வடியும். பிளாஸ்டிக்கில் மாட்டினால் தனி எர்த் ஒயரும் ஒரு அலுமினியத் தகடும் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவைப் பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் கார்களுக்கு இந்த ஐசி ஒத்துவராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 7810-க்கு வெளியே கொடுப்பதைவிட 2 வோல்ட் அதிகமாக உள்ளே வர வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் இஞ்சின் ஓடாதபோது முள் ஒரு நூல் குறைத்துக் காட்டும், ஓடத் தொடங்கியதும் சரியாகிவிடும்.

ஹீட் முள்

அதே சுற்றுதான். டேங்க் யூனிட் இருந்த இடத்தில் சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் பக்கத்திலோ திருகிய ஒரு சென்சார். சூடு கூடக் கூட அதன் மின்தடை குறையும்: ஆறிய நிலையில் சில நூறு ஓம், கொதிக்கும் அளவில் சில பத்து ஓம். ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ப்பக்கம், ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்தால் மேலே. சில கார்களில் பக்கத்திலேயே ஃபேன் ஸ்விட்ச்சும் இருக்கும். எதைக் கழற்றுகிறீர்கள் என்று ஒயர் நிறத்தை மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்சாருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான் என்பதால் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள்.

பெட்ரோல் முள்ளுக்கு இல்லாத ஒரு பொறுப்பு இந்த முள்ளுக்கு உண்டு. மேலே போனால் முதலில் அதை நம்புங்கள். இஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கீழேயே கிடக்கும் முள்ளும் ஆறுதல் தருவதல்ல. தண்ணீர் குறைந்து சென்சாரின் முனை வெறும் ஆவியில் நின்றால், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் அமைதியாகக் கீழே இருக்கும். எப்போதும் சூடு ஏறாமலே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கவும் கூடும். அப்போது முள் உண்மையைத்தான் சொல்கிறது.

கடைசியாக மீட்டர் போர்டு

இத்தனையும் சரி, முள் மட்டும் அசையவில்லை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போர்டை எடுங்கள். பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் திருகியோ கொக்கி மாட்டியோ இருக்கும். அதை விடுவிக்காமல் போர்டை இழுத்தால் உடைவது உறுதி. பழைய காரில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பேட்டரியின் கனத்த கரன்ட் நேரடியாக அதன் வழியே ஓடுகிறது; அதன் நட்டு தளர்ந்திருந்தால் சூடாகி ஒயர் உருகும்.

பின்பக்கத்தில் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். மீட்டரின் திருகுகளே அந்தக் கோடுகளுக்கும் மீட்டருக்கும் இணைப்பு. நட்டுகளைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையாகத் துடைத்து மறுபடி இறுக்குவதிலேயே நிறைய மீட்டர்கள் உயிர்பெற்றுவிடும். கருகி அறுந்த கோட்டின் மேல் மெல்லிய ஒயரை சால்டர் செய்து பாலம் போடலாம். சால்டரிங் இரும்பை அதிகநேரம் வைத்தால் தாள் உருகும். பிறகு மீட்டரின் இரு முனைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். திறந்த சுற்று என்றால் சுருள் அறுந்துவிட்டது, மீட்டரை மாற்றுவது தவிர வழியில்லை.

சில வெப்ப மீட்டர்களின் பின்னால் தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்தும் இரண்டு சிறு துளைகள் இருக்கும். மேலே சொன்ன எதையும் பார்க்காமல் துளைக்குள் இருப்பதைத் திருப்பினால், எர்த் பழுதுக்கு ஏற்றபடி மீட்டரைக் கெடுத்துவைத்ததாகிவிடும். முள்ளின் சுழல்முனைக்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டி இன்னும் இறுகும்.

போர்டை மூடுவதற்கு முன் பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, டேங்க் பக்க ஒயரில் அந்த 33 ஓம் ரெசிஸ்டரை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பு ஹோல்டர் ஒன்று சரியாகத் திருகப்படாமல் நழுவியிருப்பது வழக்கமான விஷயம். எல்லாத் திருகையும் போட்டு முடித்த பிறகுதான் அது கண்ணில் படும்.